கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவன்

போன மாதம் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'நோயாளியை மதிப்பிடுவது, நோய்களின் வகைகள்' என்பது தலைப்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். பேசுவதற்கு முன்னால் பயிற்சி அறையைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கே ஒரு கட்டிலில் பொம்மை ஒன்று படுத்திருந்தது. அது மூச்சு விடுகிறது. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் நெஞ்சில் சளிச் சத்தம்கூடக் கேட்கிறது.

நல்ல பொம்மைதான். 'எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், வூட்டுக்கு அனுப்பிருங்க' என்று அது சொல்லாது. ஊசியைப் பார்த்ததும் ஊரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போடாது. என் கண்ணில் பட்ட குறை ஒன்றுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு யாருமில்லை. எங்கள் பக்கத்தில் துணையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அபூர்வம். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார்.

அன்றைக்குக் கொடுத்த நேரம் நோய்களின் வகைகளிலேயே தீர்ந்துவிட்டது. சொல்ல நினைத்துப் போன சம்பவத்தைச் சொல்லாமலே திரும்பினேன். அதை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் குரும்பலூர்க்காரி. நர்சிங் படித்தது திருச்சியில். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மீதி வருடங்களும் விரித்தோம். நடுவில் உடற்கூறு, மருந்துகள், பிரசவம் எல்லாம் வந்துபோயின. பரீட்சையில் நோய்களின் வகைகளை எழுதச் சொல்வார்கள். திடீரென்று வருவது, நாள்பட்டது, தொற்றுவது, தொற்றாதது, பிறவியிலேயே இருப்பது, சத்துக் குறைவால் வருவது என்று கோடு போட்டு எழுதினால் முழு மார்க்.

வேலைக்கு வந்த பிறகுதான் எங்கள் ஜனங்கள் ஏற்கெனவே வேறு மாதிரி பிரித்து வைத்திருப்பது தெரிந்தது. அவர்களுக்கு வியாதி மூன்று வகை. வேலைக்குப் போகவிடும் வியாதி, போகவிடாத வியாதி, திருச்சிக்கு அனுப்பும் வியாதி. முதல் வகைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. சர்க்கரையும் பிரஷரும் அந்த வகை. அதனால் அவை இரண்டாவது வகையைத் தொடாமல் நேராக மூன்றாவதற்குப் போய்விடும்.

முதலில் உடையார்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே முந்திரித்தோப்புக்காரர் ஒருவர் மொபெட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, நிழலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். என்ன செய்கிறது என்று கேட்டேன். "வாயுங்க. ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்றார். எங்கே என்று கேட்டேன். ஒரு விரலால் காட்டவில்லை. உள்ளங்கையை விரித்து நெஞ்சு நடுவில் வைத்து அழுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு அவரை அப்படியே ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தோம். மாரடைப்பு. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி, வண்டியைப் பூட்டினோமா என்பதுதான். பிழைத்துக்கொண்டார். பின்னால் அதே மொபெட்டில் வந்து மாத்திரை வாங்கிப் போவார். அப்போதும் அதை வாயு என்றுதான் சொன்னார்.

என் வேலைக் காலத்தில் நான் அதிகம் பயந்த ஆள் ஜெயராணி சிஸ்டர். பிறகு நான் மாறிப்போன பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வார்டுக்குள் நுழைந்ததும் எதையும் தொடமாட்டார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். முகம், உதடு, மூச்சு, கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது, சாப்பாட்டுத் தட்டில் எவ்வளவு மீந்திருக்கிறது, எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கேள்வி. அதற்குப் பிறகுதான் தொடுவது. தெர்மாமீட்டரும் பிரஷர் கருவியும் கடைசி.

கேள்விகளும் தனி மாதிரி. 'வலி இருக்கா' என்று கேட்கமாட்டார். இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். 'வலி எப்படி இருக்கு' என்று கேட்பார். மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு நல்ல பிள்ளையாக விடுவார்கள். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சில் வைத்திருப்பார்.

ஒருமுறை நான், "ஆறாவது பெட் நல்லா இருக்காரு சிஸ்டர்" என்றேன்.

"யார் சொன்னா?"

"அவருதான் சொன்னாரு."

"அவரு நர்சா?"

"அவரு சொன்னத அவரு சொன்னதா எழுது. நீ பாத்தத நீ பாத்ததா எழுது. ரெண்டும் ஒண்ணா இருந்தா சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒருநாள் என் வேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அந்த வார்டில்தான் ஜப்பார் பாய் வந்து சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்து, வயதானதும் கடையைத் தம்பியிடம் விட்டவர். காலில் செருப்புக் கடி. சர்க்கரை இருந்ததால் ஆறாமல் பாதத்தின் பாதி வரை புண் ஓடியிருந்தது. செருப்பு, மகன் குவைத்திலிருந்து அனுப்பியது. வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகவே சொன்னார்.

துணைக்கு நின்றவன் அந்த மகன், சலீம். முப்பது வயது இருக்கும். குவைத்தில் டிரைவர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது வர முடியாமல், அது குப்புற விழுந்து தவழத் தொடங்கும் நேரத்தில் லீவில் வந்திருந்தான். வந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பகலில் அவன் இருப்பான். இரவில் அவன் மச்சான் வந்து மாற்றிவிடுவார். பழைய கம்பெனியை விட்டுப் புதுக் கம்பெனி விசாவில் போகப் போகிறான் என்றும், அதற்குத் திருச்சியில் மெடிக்கல் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றும், அவன் திரும்பிப் போனால்தான் தங்கை கல்யாணம் என்றும் ஜப்பார் பாயே எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை ஜெயராணி சிஸ்டர் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

"இந்தக் கட்டில்ல எத்தன பேஷன்ட்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒருத்தருதான் சிஸ்டர்."

"நல்லா பாத்துச் சொல்லு" என்றவர் போய்விட்டார்.

நான் ஜப்பார் பாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். புதிதாக ஒன்றுமில்லை. பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சலீமைப் பார்த்தேன். விலையான சட்டை. ஆனால் காலர் கழுத்தைத் தொடாமல் தனியாக நின்றது. பெல்ட்டின் நுனி பக்கிளைத் தாண்டி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. ஓட்டைகளில் ஒன்று கம்பெனி போட்டதல்ல, ஆணியால் குத்தியது. வார்டே விசிறிக்கொண்டிருந்த புழுக்கத்தில் அவன் தோளில் துண்டைப் போர்த்தியிருந்தான். அடிக்கடி எழுந்து ஜன்னலுக்குப் போவான். வேடிக்கை பார்க்கப் போகிறான் என்று நினைத்திருந்தேன். துண்டை வாயில் வைத்து, சத்தம் வராமல் இருமிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

வார்டுக்கு வெளியே குழாயடியில் அவனிடம் பேசினேன்.

"எவ்ளோ நாளா இருமல் தம்பி?"

"ஏசியில இருந்துட்டு இந்த வெயிலுக்கு வந்தா இருமாம என்ன செய்யும் சிஸ்டர்?"

"சாப்பாடு எப்படி எறங்குது?"

"அங்க சாப்ட்டுப் பழகிட்டு இங்க ஒப்புக்கல."

"ராத்திரியில வேர்வை எப்படி?"

"பெரம்பலூர்ல யாருக்கு வேர்க்கல?"

தனித்தனியாக எடுத்துக்கொண்டால் எல்லாப் பதிலும் சரிதான். ஒன்றாகச் சேர்த்தால்தான் பயமாக இருந்தது.

"பெல்ட்டுல அந்த ஓட்டைய எப்பப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து பார்த்தான். குழாயைத் திறந்து முகம் கழுவினான். பிறகு, "எக்ஸ்ரே மட்டும் வேணாம் சிஸ்டர்" என்றான்.

"நான் எக்ஸ்ரே பத்திப் பேசவே இல்லையே."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நானே மூடினேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு அவனே சொன்னான். குவைத்தில் அவன் அறையில் தங்கியிருந்த ஒருவனை டிபி என்று ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவனுக்கும் அதன் பிறகு இருமல். மெடிக்கலுக்கு முந்தின வாரம் ஏதோ ஒரு மருந்து குடித்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தான்.

"அப்படி ஒரு மருந்து இல்ல தம்பி" என்றேன்.

"இருக்கட்டும் சிஸ்டர். சளிய டெஸ்ட் பண்ணி, இருக்குன்னு எழுதிட்டா அதோட எல்லாம் முடிஞ்சுது. எழுதலன்னா ஒரு வழி இருக்கும்ல?"

"எழுதலன்னாலும் உள்ள இருக்குறது இருக்கும்."

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே படுக்கிறான் என்று கேட்டேன். இந்தக் கேள்வியைத் தொற்று வியாதி எதற்கும் கேட்போம்.

"பாப்பாவத்தான் நெஞ்சு மேல போட்டுக்கிட்டுத் தூங்குறேன்" என்றான். "இப்பதானே மொதமொத பாக்குறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போகாமல் கேட்டைப் பார்த்து நடந்துவிட்டான்.

டாக்டர் இளங்கோவிடம் சொன்னேன். எங்கள் வார்டு டாக்டர், பொறுமையானவர். மறுநாள் சலீமைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மருந்து இலவசம், ஆறு மாதத்தில் குணமாகும், குழந்தைக்கு வந்தால் மூளைக்குக்கூடப் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். சலீம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சளி எடுக்கும் டப்பாவைக் கொடுத்தபோது வாங்கவில்லை. "குவைத் போயி மொத சம்பளத்துல நல்ல ஆஸ்பத்திரியில பாத்துக்குறேன் சார்" என்றான். கட்டாயப்படுத்திச் சளி எடுக்க முடியாது. வார்டுக்குள் வரக்கூடாது, வெளியில் மாஸ்க் போட்டு இருக்க வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

நாங்கள் யாரும் ஜப்பார் பாயிடம் வாய் திறக்கவில்லை. அது மகனுடைய விஷயம்.

அடுத்த நாள் காலை டிரெஸ்ஸிங் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். அந்தப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் என்பது அரைமணி வேலை. பழைய துணியை இழுத்து எடுக்கக்கூடாது. சலைன் ஊற்றி ஊற வைத்துத் தானாக விடும் வரை பொறுக்க வேண்டும். செத்த சதையை வெட்டி, கழுவி, ஆழம் பார்த்து, குழிக்குள் ஈரத்துணியைத் தளர்வாக நிரப்ப வேண்டும். ஒருநாள் விட்டாலும் வாடை மாறும். நான் கையுறை போட்டுக்கொண்டு திரும்பினால், ஜப்பார் பாய் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

"காலை நீட்டுங்க பாய்."

"எம்மவன் ஏன் வெளியில நிக்கிறான்?"

"அது... கூட்டம் வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஏம்மா, வார்டே எங்கால மோந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க. எம்புள்ள இருமுறது எனக்குக் கேக்காதா? காலுலதான் சக்கரை, காதுல இல்லியே." போர்வையை இன்னும் இறுக்கினார். "எங்க சின்னத்தாவ இந்த இருமல்தான் கொண்டுபோச்சு. அவனுக்கு என்ன டெஸ்ட்டோ அத எடுங்க. எடுத்தப்பறம் நான் நீட்டுறேன்."

"அவரு ஒத்துக்கணும் பாய்."

"நானும்தான் ஒத்துக்கணும்."

அன்றைக்கு டிரெஸ்ஸிங் நடக்கவில்லை. டாக்டர் வந்து, கால் போய்விடும் என்றார். "போவட்டும் சார், எழுபது வருஷம் நடந்தாச்சு" என்றார். மச்சான் கெஞ்சினார். ஜமாத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து பேசிவிட்டு, கடைசியில் ஜப்பார் பாய் சொல்வதுதான் நியாயம் என்று சொல்லிவிட்டுப் போனார். சலீம் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அத்தா, நான் போனாத்தானே கல்யாணம்" என்றான். ஜப்பார் பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. வாடை மாறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். விரல்களின் நிறத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இளங்கோ வெளியே போய் நின்றார்.

ஜெயராணி சிஸ்டர் சளி டப்பாவை எடுத்துக்கொண்டு சலீம் நின்ற வேப்பமரத்தடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இவர் என்ன சொல்லி இவனைச் சம்மதிக்க வைக்கப் போகிறார் என்று எனக்கு ஆவல். அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

"ஒங்க அத்தாவுக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல்" என்றார். "விரல் கருத்துடுச்சு. பேச வேண்டியத அவரு பேசி முடிச்சிட்டாரு. எனக்குப் பேச ஒண்ணுமில்ல தம்பி."

டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றார். சலீம் அழுதான். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். அவர் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எச்சி. எனக்குச் சளி வேணும். நல்லா மூச்ச இழுத்து, அடி நெஞ்சுலேருந்து இருமித் துப்புங்க. நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் இன்னொரு டப்பாவுலயும் குடுங்க."

அப்போதே இரண்டாம் தடவை சரியாக வந்தது. டப்பாவை மூடி, வார்டு ஜன்னல் வழியாக ஜப்பார் பாய்க்குக் காட்டினோம். அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு போர்வையை விலக்கிக் காலை நீட்டினார். டிரெஸ்ஸிங் முடியும்வரை வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

சளியில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயிலும் வலது பக்கம் மேலே தெரிந்தது. சலீம் அதைக் கையில் வாங்கி, புரிந்த மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். ஜப்பார் பாய்க்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. பாதம் தப்பியது. "விரலுதானே" என்றார். வீட்டில் எல்லோரையும் சோதித்தோம். சலீமின் மனைவி நூர்ஜஹான் குழந்தையோடும் பெரிய பையனோடும் வந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பால் குடுக்கலாமா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். கொடுக்கலாம் என்றோம். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாருக்கும் நோய் வந்திருக்கவில்லை. குழந்தைக்கு வராமல் தடுக்க மாத்திரை ஆரம்பித்தோம். பொடித்துக் கொடுக்க வேண்டும். துப்பினால் மறுபடி கொடுக்க வேண்டும்.

சலீம் மாத்திரையை ஊர்ப்பக்கத்து சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொண்டான். புது விசா காலாவதியானது. கல்யாணம் தள்ளிப்போனது. கொஞ்ச நாள் கழித்து சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் அவன் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தும் என்னைப் பார்க்காத மாதிரி போனான்.

சிகிச்சை முடிந்து கடைசி டெஸ்ட் முடிவு வாங்க வந்தபோதுதான் பேசினான். சட்டைக் காலர் கழுத்தோடு பொருந்தியிருந்தது. முடிவைப் பார்த்துக் கிருமி இல்லை என்று சொன்னேன்.

"எக்ஸ்ரேல அந்தத் தழும்பு போவாதாமே?"

"போவாது தம்பி."

"அப்ப இனிமே குவைத் இல்ல."

"கஷ்டந்தான்."

"ஒங்க மேல எனக்குக் கோவம் போவல சிஸ்டர். பொய் சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாம்" என்றேன். வேலை போனதற்கு நான் பதில் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்தது தப்பு என்றும் சொல்ல முடியாது.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான்.

"பெரியவன் மொதமொத நடந்தத நான் போன்லதான் பாத்தேன். பாதியில நெட்டு கட்டாயிருச்சு" என்றான். "இவ நேத்து நடந்தா. கதவப் புடிச்சிக்கிட்டு இருந்தவ, கைய வுட்டுட்டு எங்கிட்ட வந்தா."

"விழுந்தாளா?"

"வுழப் பாத்தா" என்றான். "நாந்தான் புடிச்சேன்."